தேன் எப்ப எடுக்கலாம்? முதல் வரத்தா, வெயில் காலமா, கடைசி வரத்தா

நாலஞ்சு தேனீப் பெட்டி வச்சிருக்கவங்க கூடிப் பேசினா கடைசியில வந்து நிக்கிற கேள்வி இதுதான், வருஷத்துல எப்ப தேன் எடுக்குறது, வரத்து (பூ பூத்து ஈக்கள் தேன் சேக்குற காலம்) முடிய முடிய தனித்தனியா எடுக்கணுமா, இல்ல எல்லாம் நிறையட்டும்னு விட்டு ஒரே தடவை எடுத்துடலாமான்னு. பெரும்பாலும் எத்தனை கிலோ கிடைக்கும்ங்கிற கணக்குலதான் கேக்குறாங்க. ஆனா எடுக்குற காலம் மாறினா கிலோ மட்டும் மாறாதுங்க, பாட்டிலுக்குள்ள இருக்குற சரக்கே மாறிடும், தண்ணி மாறும், சர்க்கரையோட கலவை மாறும், நிறம் உப்பு புளிப்பு எல்லாம் மாறும், அதனால சில தேன் ரெண்டு வருஷம் அப்படியே நிக்கும், சிலது ரெண்டு மாசத்துல புளிச்சு மூடியைத் தள்ளிடும். நான் ரெண்டையும் பாத்திருக்கேன்.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கலாம். பருவம்ங்கிறது நேரா தேன்ல போய் எதையும் செய்யல. பருவம் மாறினா பூ மாறுது, காத்துல ஈரம் மாறுது, பெட்டியில இருக்குற ஈக்களோட எண்ணிக்கை மாறுது, இந்த மூணும் சேந்துதான் தேனை மாத்துது. ஐரோப்பாவுல வசந்தத்துல பூக்குற ரேப்சீட் (கடுகு குடும்பத்துச் செடி, வயல் முழுக்க மஞ்சளா நிக்குமே அது) தேனைப் பாருங்க, எடுத்த சில நாள்லயோ வாரத்துலயோ வெள்ளையா உறைஞ்சு போயிடும். அதே வசந்தத்துல கொஞ்சம் பின்னால பூக்குற ரொபீனியா மரத்துத் தேன், அகேசியா தேன்னு லேபிள் ஒட்டி விக்கிறாங்களே அது, வருஷக்கணக்குல தண்ணி மாதிரி நிக்கும். ரெண்டும் ஒரே பருவம், நடுவுல சில வாரம்தான். அதனால "வசந்தத் தேன்னாலே இப்படித்தான்"னு யாராவது அடிச்சுச் சொன்னா எந்தப் பூன்னு திருப்பிக் கேளுங்க.

சராசரித் தேன்ல என்ன இருக்கும்னு ஒரு அளவு மனசுல வச்சுக்கிட்டா மீதிக் கதை ஈஸியா புரியும். ஃப்ரக்டோஸ் சுமார் 38 சதவீதம், குளுக்கோஸ் 31, தண்ணி 17, மால்டோஸ் மாதிரி மத்த சர்க்கரைங்க ஒரு 8 அல்லது 9, சாதாச் சர்க்கரையான சுக்ரோஸ் ஒண்ணு ஒண்ணரை. மிச்சம் இருக்குற அந்தக் கொஞ்சூண்டுலதான் அமிலம், தாது உப்பு, புரதம், என்சைம், நிறம், வாசனை எல்லாமே அடங்கியிருக்கு. பருவத்தால இந்த எண்கள்ல ரெண்டு மூணு புள்ளி அசைஞ்சாலே போதும், தேனோட குணமே வேற ஆயிடும்.

முதல் வரத்துத் தேனை எடுத்துக்குவோம். குளிர் முடிஞ்சு முதல் பூ வந்ததும் ஈக்கள் சேக்குற தேன் இது, பெரும்பாலும் வெளிர் நிறம், லேசான வாசனை, தாது உப்பு கம்மி. இதுல கவனிக்க வேண்டியது குளுக்கோஸ்தான். ஃப்ரக்டோஸ் தண்ணியில நல்லா கரைஞ்சே இருக்கும், குளுக்கோஸ் அப்படி இல்ல, அது அளவுக்கு மேல இருந்தா வெளிய வந்து குருணை கட்ட ஆரம்பிக்கும். ஃப்ரக்டோஸை குளுக்கோஸால வகுத்துப் பாத்தா 1.3-க்கு மேல வந்தா மெதுவா உறையும், 1.1-ஐ ஒட்டியோ அதுக்குக் கீழயோ வந்தா சீக்கிரம் உறையும். ரேப்சீட்ல ரெண்டும் கிட்டத்தட்ட சமமா இருக்கும், ரொபீனியாவுல ஃப்ரக்டோஸ் 40-ஐத் தாண்டிப் போக குளுக்கோஸ் 30-க்குக் கீழ நிக்கும், முன்னாடி சொன்ன வித்தியாசத்துக்குக் காரணம் இவ்வளவுதான். அதனால முதல் வரத்துல உறையுற ரகப் பூ அதிகமா இருக்குற இடம்னா, ஈக்கள் அடையோட அறைகளுக்கு மெழுகால மூடி போட்டதும் எடுத்துடணும், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்"னு விட்டா அடைக்குள்ளயே உறைஞ்சுடும். அப்படி உறைஞ்ச சட்டத்தை (அடை கட்டியிருக்குற மரச் சட்டம்) எக்ஸ்ட்ராக்டர்ல, அதான் சுத்தித் தேனைப் பிரிக்கிற மெஷின்ல, போட்டு எவ்வளவு சுத்தினாலும் ஒரு சொட்டு வராது, மெழுகுதான் கிழியும், நான் ஒரு தடவை பிடிவாதமா சுத்தி ரெண்டு அடையை உடைச்சுட்டு அப்புறம்தான் நிறுத்தினேன். 14 டிகிரி செல்சியஸ் பக்கம்தான் உறையுறது ரொம்ப வேகமா நடக்கும், வசந்தத்துல ராத்திரி வேளை பல இடத்துல அந்த அளவுக்கு வந்துடும், ஈக்கள் சூடு ஏத்தாத ஓரத்துச் சட்டம்தான் முதல்ல மாட்டும். (உறைஞ்ச தேன் கலப்படத் தேன்னு இன்னும் சொல்லிட்டுத் திரியிறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட வாதாடி நான் ஓய்ஞ்சுட்டேன்.)

முதல் வரத்துல இன்னொரு விஷயம், ஒரே பூ ஒரே நேரத்துல கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சுன்னா ஈக்களுக்கு நிதானமா வேலை பாக்க நேரம் இருக்காது. பூவுல இருந்து வர்ற மதுரத்துல இருக்குற சுக்ரோஸை உடைக்கிறது ஈயோட சுரப்பியில இருந்து வர்ற இன்வர்டேஸ்ங்கிற என்சைம், அது ஒரு ஈ இன்னொரு ஈக்கு வாய் மாத்தி வாய் மாத்திக் கொடுக்கும்போது கலக்குது. வரத்து வெள்ளமா வந்தா இந்தக் கைமாத்து குறையும், அப்ப சொட்டுக்குச் சேர்ற என்சைமும் குறையும். அதனால அப்படி வந்த தேன்ல டயஸ்டேஸ் (ஈ சேக்குற இன்னொரு என்சைம், சூடு பண்ணினா அழிஞ்சுடும்) அளவு குறைவாக் காட்டும், அவசரப்பட்டு எடுத்தா சுக்ரோஸ் கொஞ்சம் கூடக் காட்டும். உலக அளவுல தேனுக்குத் தர அளவு வச்சிருக்குற கோடெக்ஸ் விதியில சுக்ரோஸ் பொதுவா 100 கிராமுக்கு 5 கிராமைத் தாண்டக் கூடாது, டயஸ்டேஸ் 8-க்குக் குறையக் கூடாதுன்னு இருக்கு, ஆனா இயல்பாவே என்சைம் கம்மியான தேன்களுக்கு 3 வரைக்கும் விலக்கும் கொடுத்திருக்காங்க. அதனால டயஸ்டேஸ் கம்மின்னு ரிப்போர்ட் வந்த உடனே சூடு பண்ணிட்டாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க. மெதுவா சொட்டுச் சொட்டா வந்த வரத்துல எடுத்த தேன்ல என்சைம் அதிகமா இருக்கும், அது எந்தப் பருவமா இருந்தாலும் சரி.

இப்ப வெயில் காலம். என்னைக் கேட்டா தண்ணி விஷயத்துல இதை அடிச்சுக்க ஆள் இல்ல. பூவுல இருக்கும்போது மதுரத்துல பெரும்பாலும் பாதிக்கு மேல தண்ணிதான், அதை ஈக்கள் சிறகால விசிறி விசிறி 18-க்குக் கொண்டு வரணும். வெளிக்காத்து காஞ்சிருந்தா அந்த வேலை சுலபம், கூட்டுல ஈயும் அந்த நேரம்தான் நிறைய இருக்கும், விசிற ஆளுக்குப் பஞ்சமே இல்ல. காத்துல ஈரம் 60 சதவீதம் இருந்தா திறந்து கிடக்குற தேன் 18 சதவீதத் தண்ணியில போய் நிக்கும், 70-க்குப் போனா தேன் காத்துல இருந்து தண்ணியை உறிஞ்சி 24 வரைக்கும் ஏறிடும். இது கூட்டுக்குள்ள மட்டும் இல்ல, நீங்க எடுக்குற ரூமுக்கும் பொருந்தும், நல்லா காஞ்ச தேனை எடுத்து வாய் அகலமான பாத்திரத்துல ஊத்தி மழை நாள்ல ராத்திரி முழுக்கத் திறந்து வச்சா மேல்பாகம் இளகிப் போயிருக்கும்.

கையில ஒரு ரீஃபிராக்டோமீட்டர் (தேன்ல எவ்வளவு தண்ணின்னு காட்டுற சின்னக் கருவி) வச்சுக்கோங்க, அது இல்லாம இந்தப் பேச்சே வீண். ஒரு தடவை ஒரே சட்டத்துல மூடி போட்ட அறையில இருந்து ஒரு சொட்டும், அதுக்கு நாலு விரக்கடை தள்ளி மூடாத அறையில இருந்து ஒரு சொட்டும் எடுத்துப் பாத்தேன். கண்ணாடியில சொட்டை வச்சு மூடியைச் சாத்தி ஜன்னல் பக்கம் திருப்பினா நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவுல ஒரு கோடு தெரியும், மூடின அறைத் தேனுக்குக் கோடு 17-ஐத் தாண்டிக் கொஞ்சம் மேல, மூடாத அறைக்கு 21. ஒரே பெட்டி, ஒரே பூ, ஒரே வாரம். பருவத்தைப் பத்தி மணிக்கணக்கா பேசிட்டு மூடாத சட்டத்தை எடுத்து அதுல கலந்துட்டா எல்லாம் போச்சு, அதான் முக்காப் பாகத்துக்கு மேல மெழுகு மூடி இருந்தா மட்டும் எடுங்கன்னு சொல்றது. சந்தேகமா இருந்தா சட்டத்தைப் படுக்க வச்சு ஒரு உதறு உதறுங்க, சொட்டுச் சொட்டா தெறிச்சா திருப்பி உள்ள வச்சுடுங்க.

வெயில் காலத் தேனுக்கு ஒரே குறை எடுத்த பிறகு வர்றதுதான். சூட்டுல தேன் கிடந்தா ஃப்ரக்டோஸ் சிதைஞ்சு ஹெச்.எம்.எஃப்.னு ஒரு பொருள் உருவாகும், புதுத் தேன்ல இது இல்லவே இல்லன்னு சொல்ற அளவுக்குத்தான் இருக்கும். கோடெக்ஸ்ல கிலோவுக்கு 40 மில்லிகிராம், வெப்ப மண்டலத் தேனுக்கு மட்டும் 80. 30 டிகிரியில வச்சா 40-ஐத் தொட சுமாரா 150-ல இருந்து 250 நாள் ஆகும், 40 டிகிரியில 20-ல இருந்து 50 நாளே போதும். அதாவது வெயில்ல எடுத்த தேனைத் தகரக் கூரை அடியில வச்சிருந்தா அடுத்த பருவத்துக்குள்ள ரிப்போர்ட் கெட்டுப் போயிடும், இதுக்குத் தேனைக் குறை சொல்லி என்ன பண்றது, ரூமைத்தான் மாத்தணும்.

வெயில் காலத்துல இன்னொரு ஆளும் உள்ள வரலாம், அசுவினி. மர இலையில சாறு உறிஞ்சுற அசுவினி கழிக்கிற இனிப்புத் திரவத்தையும் ஈக்கள் நக்கிக் கொண்டு வந்து தேனாக்கும், பூவே இல்லாத தேன் இது. கருப்பா இருக்கும், தாது உப்பு அதிகம், மின்சாரம் எவ்வளவு கடத்துதுன்னு அளந்தாலே கண்டுபிடிச்சுடலாம், பூத்தேன்னா பொதுவா சென்டிமீட்டருக்கு 0.8 மில்லிசீமென்ஸுக்குக் கீழ, அசுவினித் தேன்னா அதுக்கு மேல. சிலருக்கு இந்த ருசிதான் உசுரு. ஆனா இதுல மெலிசிடோஸ்ங்கிற சர்க்கரை அதிகமாச்சுன்னா அடையில சிமெண்ட் மாதிரி இறுகிடும், அதைக் குளிர் காலத்துக்கு ஈக்களுக்கு விட்டு வச்சா வயித்துப்போக்கு வந்து கூடு நாறும். நியூசிலாந்துல கதை இன்னும் மோசம், அங்க டூட்டு செடியில சாறு உறிஞ்சுற ஒரு தத்துப்பூச்சியோட கழிவுல டூட்டின்ங்கிற விஷம் இருக்கும், கோடையோட கடைசியிலயும் இலையுதிர் காலத்துலயும்தான் அது தேன்ல ஏறும். 2008-ல அங்க கொரமாண்டல் பக்கம் அடைத் தேன் சாப்பிட்ட பல பேருக்கு விஷமாகி ஆஸ்பத்திரி வரைக்கும் போச்சு, அதுக்கப்புறம்தான் டூட்டினுக்கு அளவு வச்சு கெடுபிடி பண்ணாங்க. எடுக்குற மாசம் ருசி சம்பந்தப்பட்டது மட்டும்னு நினைக்கிறவங்களுக்காகத்தான் இதைச் சொன்னேன்.

கடைசி வரத்துக்கு வருவோம், குளிருக்கோ பெருமழைக்கோ முன்னாடி சேருற தேன். இதுக்குன்னு ரசிகர் கூட்டமே இருக்கு, நியாயமும் இருக்கு. பக்வீட், ஹெதர், கோல்டன்ராட் மாதிரி கோடை முடியுற நேரத்துல வர்ற பூக்கள்ல பலதும் நிறம் ஏறின, வாசனை தூக்கலான தேன் கொடுக்கும், அதுலயும் பக்வீட் கிட்டத்தட்ட கருப்பு. பொதுவா நிறம் கூடக் கூட தாது உப்பும் பீனாலிக் பொருள்களும் கூடும், ஆன்டிஆக்ஸிடன்ட் அளவுல கருந்தேன் வெளிர் தேனை நல்லாவே மிஞ்சும். ஆனா நாம சாப்பிடுறது ஒரு ஸ்பூன், அந்த ஒரு ஸ்பூனுக்குள்ள இருக்குற வித்தியாசத்தை வச்சு மருந்து ரேஞ்சுக்கு விளம்பரம் பண்றது எனக்கு ஒப்பாது, ருசிக்காக வாங்குங்க அது போதும்.

சிக்கல் எங்கன்னா தண்ணி. கடைசி வரத்துல ராத்திரி குளிரும், காத்துல ஈரம் ஏறும், கூட்டுல ஈ குறைய ஆரம்பிக்கும், விசிற ஆளும் கம்மி வெளிக்காத்தும் ஈரம், அப்புறம் எங்க காயும். ஹெதர் தேனுக்கு கோடெக்ஸே 23 சதவீதம் வரைக்கும் தண்ணி அனுமதிக்குது, மத்த தேனுக்கு 20-தான். அது ஜெல்லி மாதிரி நிக்கிற தேன், அப்படியே சுத்தினா வராது, அழுத்திப் பிழியணும். ஐவி கொடி இருக்குற இடத்துல இலையுதிர் காலத்துத் தேன்ல குளுக்கோஸ் எக்கச்சக்கம், ரேப்சீட் மாதிரியே அடையிலயே உறையும்.

என்னோட புளிச்ச கதையும் கடைசி வரத்துதான். மீட்டர்ல 19.5 காட்டுச்சு, விதிப்படி 20-க்குக் கீழதானேன்னு தைரியமா அடைச்சு வச்சுட்டேன். ஒரு மாசத்துல கீழ்ப்பாதி குருணை கட்டி வெளுத்துடுச்சு, மேல ரெண்டு விரல் உயரத்துக்குத் தண்ணியா ஒரு அடுக்கு நின்னுச்சு, இன்னொரு மாசம் கழிச்சு ஒரு பாட்டிலைத் திறந்தா டப்புன்னு சத்தம், நுரை, பழைய மாவு புளிச்ச வாடை. 20-க்குக் கீழ இருந்தும் ஏன் புளிச்சுதுன்னு ரொம்ப நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன், அப்புறம் கணக்குப் போட்டுப் பாத்தப்பதான் விளங்குச்சு. குளுக்கோஸ் உறையும்போது தன்கூட எடுத்துக்கிட்டுப் போற தண்ணி அந்தக் குருணையோட எடையில 9 சதவீதம்தான். 100 கிராம் தேன்ல 18 கிராம் தண்ணின்னு வச்சுக்கோங்க, 15 கிராம் குளுக்கோஸ் உறைஞ்சா அதோட ஒன்றரை கிராம் தண்ணி போகும், மிச்சம் திரவமா நிக்கிற 83.5 கிராம்ல தண்ணி 16.5, அதாவது கிட்டத்தட்ட 20 சதவீதம். 18-லயே இந்தக் கதின்னா என்னோட 19.5 என்ன ஆகியிருக்கும்னு பாத்துக்கோங்க. ஈஸ்ட் எப்பவுமே தேன்ல இருக்கத்தான் செய்யும், 17-ஐ ஒட்டித் தண்ணி இருந்தா அதால ஒண்ணும் பண்ண முடியாது, 19-ஐத் தாண்டினா கொஞ்ச ஈஸ்ட்டே போதும். ஆக சீக்கிரம் உறையுற ரகம் ஈரத்தோட வந்துச்சுன்னா அதுதான் இருக்குறதுலயே மோசமான ஜோடி, கடைசி வரத்துல அந்த ஜோடி அமையுறதுக்கு வாய்ப்பு அதிகம்.

ஈயோட பக்கத்தையும் பாக்கணும்ல. குளிர் நாட்டுல ஒரு கூடு குளிர் காலத்தைத் தாண்ட 15-ல இருந்து 20 கிலோ தேன் வேணும், கடைசி வரத்தை நாம எடுத்துட்டா அதுக்குப் பதிலா சர்க்கரைப் பாகு ஊத்தணும், ஊத்தின பாகு மிச்சம் மேலறைக்கு (நாம தேன் எடுக்குற மேல் பெட்டி, தேன் அறைன்னும் சொல்வாங்க) ஏறி அடுத்த வசந்தத் தேனோட கலந்துச்சுன்னா அந்தத் தேனும் கெட்டுச்சு, நாம வேணும்னு கலக்கலனாலும் அது கலப்படம்தான். வரோவா உண்ணிக்கு மருந்து போடுறதும் தேன் அறையை எடுத்த பிறகுதான், கடைசிச் சட்டத்துக்காகக் காத்திருந்து மருந்தைத் தள்ளிப் போட்டா, குளிரைத் தாண்ட வேண்டிய ஈக்கள் புழுவா இருக்கும்போதே உண்ணி கடிச்சுடும்.

எல்லாத்தையும் சேத்து வருஷக் கடைசியில ஒரே தடவை எடுக்குற வழி பாக்கி இருக்கு. வேலை கம்மி, ஒரே நாள் மெழுகு சீவுற கத்தியைக் கழுவி வச்சுடலாம், தேனும் எல்லாப் பூவும் கலந்து ஒரு நடுத்தர ருசியில வரும், அதுல தப்பில்ல. ஆனா முதல் வரத்துல உறையுற தேன் கொஞ்சம் இருந்தாலும் அதோட குருணையே விதையா மாறி மொத்தத் தேனையும் உறைய வைக்கும், நல்லா காஞ்ச வெயில் காலத் தேனோட கடைசி வரத்து ஈரமும் சேந்து சராசரி ஏறிடும். பூ எல்லாம் மெதுவா உறையுற ரகம், கடைசி வரத்து பேருக்குத்தான்னு உறுதியாத் தெரிஞ்ச இடத்துல மட்டும் இது சரிப்படும்.

நாலு பருவம் இல்லாம வெயில் மழைன்னு ரெண்டே இருக்குற ஊருக்காரங்களுக்கு இந்தப் பேரெல்லாம் பொருந்தாது, ஆனா கணக்கு அதேதான், மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி காஞ்ச காத்துல எடுத்தா ஒரு மாதிரி, மழை நடுவுல எடுத்தா ஒரு மாதிரி. அடுக்குத் தேனீயோ மலைத்தேனீயோ எடுக்குறவங்களுக்குத் தண்ணி 20-ஐத் தாண்டுறது சகஜம், கொசுத்தேனீத் தேன்ல 25-க்கு மேலயே போகும், அவங்களுக்குக் காலம் பாத்து எடுக்குறது இன்னும் முக்கியம்.

இவ்வளவையும் வச்சு நான் பண்றது ரெண்டு தடவை. முதல் வரத்து மூடி போட்ட அந்த வாரமே எடுத்துத் தனியா வைக்கிறேன், உறையும்னு தெரிஞ்சே எடுக்குறதால அதைக் கட்டையால தினமும் கிண்டி வெண்ணெய் மாதிரி மசிய உறைய விட்டுடுவேன், பெரிய குருணையா நறநறன்னு இருக்காது. வெயில் காலத்துத் தேனை மீட்டர்ல 18-க்குக் கீழ வந்தா மட்டும் எடுத்து இருக்குறதுலயே குளுமையான ரூம்ல வைக்கிறேன், ரொம்ப நாள் வைக்கிறதுக்கு, யாருக்காவது கொடுக்குறதுக்கு எல்லாம் அதுதான். ஒரே தடவைதான் முடியும், எதை எடுக்கன்னு கேட்டாலும் வெயில் காலம்னுதான் சொல்லுவேன், நிறமும் வாசனையும்தான் முக்கியம்னு இருக்குறவங்க மட்டும் கடைசி வரத்துல ரெண்டு சட்டம் எடுத்து, தண்ணி 18-க்கு மேல காட்டினா ஃபிரிட்ஜ்ல வச்சு சீக்கிரம் தின்னு தீத்துடுங்க. மத்தபடி கடைசி வரத்து ஈக்களுக்கு, ஐவியும் அசுவினியும் அதிகமா இருக்குற இடம்னா மட்டும் பாதியை எடுத்துட்டு மாத்து உணவு கொடுக்குறதைப் பத்தி யோசிக்கணும். எந்தச் சட்டம் எந்த வரத்துன்னு குழம்பாம இருக்க, தேன் அறை ஏத்துற அன்னைக்கே சட்டத்தோட மேல்கட்டையில பென்சிலால மாசத்தை எழுதிடுறேன், பேனா மை ரெண்டே வாரத்துல மெழுகும் பிசினும் ஒட்டி அழிஞ்சுடுது.